வீட்டில் இருப்போர்: இருவர்

ஓரெஸ்ட் இருபது டிகிரியில் வைத்துவிட்டுக் காபி போடப் போனார். கோப்பையோடு திரும்பி வந்து பார்த்தால் இருபத்துமூன்று.

கூடத்துச் சுவரில் பதித்திருந்த ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை முறைத்தார். வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அதனிடம் சொன்னால் போதும், கீழ்த்தளத்தில் இருக்கும் ஹீட்டரை அது பார்த்துக்கொள்ளும். போனிலிருந்தும் சொல்லலாம். ஆனால் ஒரு வாரமாக அது யார் பேச்சைக் கேட்கிறது என்றே தெரியவில்லை. வெளியே வினிபெக் நகரம் பனியில் விறைத்துக் கிடக்க, இவர் உள்ளே பனியனோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் நீண்டதூர லாரி ஓட்டியவர். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். இலையுதிர் காலத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதும் ஓய்வு பெற்று, ஒரேயடியாக வீட்டோடு வந்து உட்கார்ந்தார். கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதுகூட இன்னும் பிடிபடவில்லை. படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கீழ்த்தளத்துப் பக்கமே போகவில்லை. வீட்டில் அவர் அதிகாரம் செல்லுபடியான ஒரே இடம் அந்த தெர்மோஸ்டாட்தான். அதுவும் இப்போது கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

தோதாக தெர்மோஸ்டாட் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பழைய மாடலுக்கு கிளவுட் இணைப்பு விரைவில் நின்றுவிடுமாம், புதியதற்கு மாறிக்கொள்ள வேண்டுமாம். ஓரெஸ்ட் மனைவி லெசியாவிடம் போனை நீட்டினார்.

"இது கெட்டுப்போச்சு லெசியா. தானா ஏறுது. புதுசு வாங்கிடலாம்."

"அதுக்கு ஒண்ணும் ஆகல. உனக்குத்தான் வயசாகுது. சூடு எது, குளிர் எதுன்னு உடம்புக்குத் தெரியல."

"நம்பர் கண்ணுக்குத் தெரியுதே?"

"கண்ணுக்கு மட்டும் வயசாகாதா?"

அவர் விடவில்லை. புதிய மாடலில் இருக்கும் வசதிகளைப் படித்துக் காட்டினார். வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களையும் ஆள் நடமாட்டத்தையும் வைத்து, உள்ளே எத்தனை பேர் என்று அதுவே கண்டுபிடிக்குமாம். யாரும் இல்லாவிட்டால் தானே சூட்டைக் குறைத்துவிடுமாம்.

லெசியாவின் முகம் மாறிவிட்டது. "நம்ம வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு எவனோ ஒருத்தன் கணக்கெடுக்கணுமா? மானம் மரியாதை வேணாமா நமக்கு?"

முட்டைக்கோஸ் சுருள் வேகும்போதே போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவள் இப்படிப் பேசியது ஓரெஸ்டுக்குப் புதுசாக இருந்தது. சரி, கொள்கை என்று ஒன்று இருக்கும்போல என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆனால் மறுநாளும் சூடு ஏறியது. யாரோ களவாணி இணையம் வழியாகப் புகுந்துவிட்டான் என்று முடிவுகட்டி, பாஸ்வேர்டை மாற்றினார். அன்று பகல் முழுக்க இருபதிலேயே நின்றது. ஜெயித்துவிட்ட தெம்பில் சீட்டியடித்தார். சாயங்காலம் லெசியா, தான் வேலை செய்யும் பள்ளிக்கூட சமையலறையிலிருந்து வந்தாள். துணிக்கூடையோடு கீழே போனவள் மேலே ஏறி வந்து, தன் போனில் வேலை செய்யவில்லை, புது பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாள். சொன்னார். மறுநாள் காலை இருபத்துநான்கு.

அதன்பிறகு ஓரெஸ்டுக்கு வீம்பு வந்துவிட்டது. கம்பெனிக்கு போன் போட்டார். எடுத்த பையன் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாடல் பழசு, புதுசுக்கு மாறினால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும் என்றான். லெசியாவிடம் சொல்லாமலே வரவழைத்தார். அவள் வேலைக்குப் போன பிறகு பழையதைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே புதியதை மாட்டினார். லாரியின் பாதி வயரிங்கைத் தானே பார்த்த கை. இதெல்லாம் ஒரு வேலையா?

திரை ஒளிர்ந்தது. சற்று யோசித்தது. பிறகு எழுதிக் காட்டியது: வீட்டில் இருப்போர், இருவர்.

ஓரெஸ்ட் சுற்றும் முற்றும் பார்த்தார். அணைத்துப் போட்டார். மறுபடியும் இருவர். படுக்கையறை, குளியலறை, துணி அலமாரி எல்லாவற்றையும் ஊன்றுகோலோடு போய்ப் பார்த்தார். யாருமில்லை. லெசியா போனை விட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று அவள் எண்ணுக்கு அடித்தார். பள்ளிக்கூடத்திலிருந்துதான் எடுத்தாள். பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்று தோன்றியது. வீட்டு அங்கியின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, போனோடு தெருமுனைவரை நொண்டிப் போனார். மூக்கு மரத்தது. புருவத்தில் பனி கட்டியது. போனைப் பார்த்தார்.

வீட்டில் இருப்போர்: ஒருவர்.

பனி ஏறிய அதே புருவத்தோடு, முழங்கால் வலியைக்கூட மறந்து வீட்டுக்கு ஓடி வந்தார். மறுபடி லெசியாவைக் கூப்பிட்டார்.

"லெசியா, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

மறுமுனையில் தட்டுச் சத்தம் தூரப்போனது.

"புதுசை மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன். நான் போலீசைக்..."

"யாரையும் கூப்பிடாத. எதையும் தொடாத. கீழ மட்டும் போகாத. நான் வரேன்."

இத்தனை வருஷத்தில் அவள் பாதி வேலையில் கிளம்பி வந்ததே இல்லை. அதுதான் அவரை இன்னும் கலவரப்படுத்தியது. தன்னால் ஆபத்து அவளுக்கும் வந்து சேரும் என்று நினைத்ததும் உட்கார முடியவில்லை. பனி அள்ளும் மண்வாரியை எடுத்துக்கொண்டார். டாக்டர் சொன்னதையும் லெசியா சொன்னதையும் ஒதுக்கிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.

கடைசிப் படியில் நின்றுவிட்டார். பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்த இடத்தில் இப்போது ஒரு சுவர். சுவரில் ஒரு கதவு, சற்றுத் தள்ளி கொல்லைப்புறம் திறக்கும் தனி வாசல். கதவுக்கு முன்னால் கால்மிதி. அதன் மேல் ஒழுங்காக ஜோடி சேர்த்த பூட்ஸ்.

மண்வாரியின் பிடியால் கதவைத் தட்டினார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. தூக்கக் கண்களோடு, தலைமுடியில் மாவுத் துகள் ஒட்டிய ஒரு ஆள் கோடுபோட்ட பைஜாமாவில் நின்றான். பின்னால் சின்ன அடுப்பு, திரைச்சீலை, சாளரத்தில் ஒரு தொட்டிச் செடி. கையிலிருந்த போனில் சூட்டின் அளவு தெரிந்தது.

அவன் பயப்படவில்லை. மண்வாரியைப் பார்த்துவிட்டு மன்னிப்புத்தான் கேட்டான். பெயர் ஃபெர்னான் என்றும், ராத்திரியெல்லாம் ரொட்டிக் கடையில் வேலை என்றும், பகலில்தான் தூங்குவதாகவும் சொன்னான். கீழே குளிர் எலும்பைத் துளைப்பதால்தான் சூட்டை ஏற்றுவதாகவும், மேலே இவ்வளவு புழுங்கும் என்று தெரியாது என்றும் வருந்தினான். ஓரெஸ்டின் மண்வாரி இன்னும் இருவருக்கும் நடுவில் நீட்டியபடியே இருந்தது. மேலே வாசலில் லெசியாவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஃபெர்னான் குரலைத் தாழ்த்தி, மண்வாரியை மெல்ல ஒதுக்கினான்.

"நீங்க மேல் போர்ஷன்ல குடியிருக்கிறவர்தானே சார்? இதுக்காக அந்தம்மாகிட்ட சண்டை போடாதீங்க. பாவம், புருஷன் செத்ததிலிருந்து மேலயும் கீழயும் வாடகைக்கு விட்டுத்தான் காலம் தள்ளுறாங்க."