குறட்டை மட்டும் ஓடிய டிஸ்க்

பூட்டுக்கெல்லாம் பெரிய பூட்டாகிய என் பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள், நீங்கள் வைத்த பெயரில் 'வால்', வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை. அதை அப்பா தனியாக வந்து கேட்டுக்கொள்வார். பெரியம்மாவுக்கு இருமல் ஒன்றும் இல்லையே? இருந்தால் இந்தக் கடிதம் முடியும்வரை கொஞ்சம் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் வழக்கப்படி ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, நிதானமாகப் படியுங்கள். உறைக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறது. அதை உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். முதலில் நான் அழ வேண்டியதை அழுதுவிடுகிறேன்.

பூட்டு சாவிக் கடை திறந்து முப்பது வருஷம் ஆனதென்று போன மாதம் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். பக்கத்துக் கடை தையல்காரர், எதிர்க் கடை கண்ணாடிக்காரர், மாடி வீட்டுக்காரர்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. வராதது அக்கா மட்டும்தான். கடைப் பலகையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'மற்றும் மகள்' என்று நீங்கள் ஆசையாக எழுதி வைக்க, அந்த மகள் கப்பல் இன்ஜின் வேலைக்குப் போய்விட்டாள். நீங்கள் அந்த இரண்டு வார்த்தைகள் மீது பெயின்ட் அடித்துவிட்டீர்கள். இரண்டு வருஷமாக அவள் போன் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். அதனால்தான் அவள் தன் செல்போனில் பேசிப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "அப்பா அந்த டிஸ்க் பிளேயரை மட்டும்தான்டி நம்புவாரு. அதுல போட்டுக் காட்டு"ன்னு சொன்னாள். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இந்த வேலையை என்னிடம் கொடுத்தாளே, அவளையும் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும்.

நான் அதை டிஸ்க்கில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அக்கா அழகாகப் பேசினாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் நல்ல பிள்ளை. ஆனால் அக்கா பேசுவதைக் கேட்டு நீங்கள் எல்லார் முன்னாலும் கண் கலங்கிவிட்டால் என்ன செய்வது, உடனே சிரிக்க வைக்க ஏதாவது வேண்டாமா என்று எனக்கு ஒரு கவலை. அதனால் அவள் பேச்சு முடிந்ததும் ஓடுகிற மாதிரி, நீங்கள் கடையில் அரமும் கையுமாகத் தூங்கிய காட்சியைச் சேர்த்தேன். அப்பாவின் பழைய கேமராவில் நான் எடுத்தது. உங்கள் குறட்டை ஏறி இறங்க, மேசை மேல் தொங்கிய சாவிகள் லேசாக ஆடும் பாருங்கள், அது. சத்தியமாகப் பாசத்தில்தான் சேர்த்தேன் பெரியப்பா. பாசம் இப்படி ஒரு உருவத்தில் வரும் என்று எனக்கும் தெரியாது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நான் கூடத்தின் நடுவில் நின்று, "அக்கா பெரியப்பாவுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கா"ன்னு பெரிய அறிவிப்பு செய்தேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டீர்கள். துடைத்ததை நான் பார்த்தேன். பிளேயர் டிஸ்க்கை விழுங்கியது, கொஞ்சம் யோசித்தது, நேரே குறட்டைக்குப் போய்விட்டது. தையல்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். முடிந்தது என்று நினைத்தால் மறுபடி முதலிலிருந்து குறட்டை. ரிமோட்டை எடுத்து அமுக்கினீர்கள். அதில் பேட்டரி இல்லை. அது, ஆட்களைப் பயமுறுத்த நான் ஓடவிடும் ரப்பர் எலியின் வயிற்றில் இருந்தது. எலி அந்த நேரம் கண்ணாடிக்காரரின் செருப்புக்குள் இருந்தது. அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

"நல்லா இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு என்னைப் பாத்து சிரிக்கத்தான் தோணியிருக்கு அவளுக்கு"ன்னு சொன்னீங்க. சத்தமாகக்கூட இல்லை.

"இல்ல பெரியப்பா, அக்கா பேசினது வேற. அதுவும் டிஸ்க்ல இருக்கு."

"எங்க, காட்டு."

"இருக்கு, ஆனா இந்தப் பிளேயருக்கு அது தெரியாது."

"இருக்குமாம், ஆனா தெரியாதாம். கடவுளா அது?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யெல்லாம் நம்பினீங்க. அன்னைக்கு ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதுக்கு ஆளில்லை. அக்காவின் கோப்பு ஓடவில்லை, உங்கள் கோபம்தான் ஓடியது. நான் கோப்பை மாற்றாமல் உங்களை ஏமாற்றிவிட்டேன். இப்படி வார்த்தையில் விளையாடுகிறேனே என்று திட்டாதீர்கள், எனக்கு அழத் தெரிந்த விதம் இதுதான்.

என்ன ஆயிற்று என்று உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். சாவி சேரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்வீர்களே, "சாவி சரியாத்தாங்க இருக்கு, பூட்டு வேற." அதே கதைதான். செல்போனில் எடுக்கும் படம் ஒரு மாதிரிப் பல் வைத்த சாவி. கம்ப்யூட்டர் எதைப் போட்டாலும் திறந்துகொள்ளும் பூட்டு. உங்கள் பிளேயரோ பழைய காலத்துப் பூட்டு. அதற்குப் பழைய சாவிதான் சேரும். அப்பாவின் பழைய கேமரா எடுத்தது பழைய சாவி. அதனால் குறட்டைக்குக் கதவு திறந்தது, அக்காவுக்குத் திறக்கவில்லை. அவள் இருப்பதாகக்கூட அது காட்டவில்லை. இதை முன்பே உங்கள் டிவியில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எலிக்கு பேட்டரி போடவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. முதலில் கோப்பின் பெயருக்குக் கடைசியில் இருந்த எழுத்துகளை மட்டும் அழித்து, பழைய வகை எழுத்துகளைப் போட்டேன். உங்கள் பிளேயர் மாதிரியே ஒன்று தையல்காரர் வீட்டிலும் இருப்பதால் அங்கே போய்ப் போட்டேன். அது தட்டை வெளியே தள்ளி எனக்கு நாக்கை நீட்டியது. மோட்டார் பைக் சாவியில் பீரோ என்று எழுதி ஒட்டினால் பீரோ திறக்குமா, நீங்களே சொல்லுங்கள். அடுத்தது, கம்ப்யூட்டரில் கோப்பை உண்மையாகவே பழைய வகைக்கு மாற்றினேன். அக்கா வந்தாள், ஆனால் ஏணி மாதிரி ஒல்லியாக நீண்டு வந்தாள். தையல்காரர், "கப்பல்ல சோறு போடறதில்லையாம்மா"ன்னு கவலைப்பட்டார். அதைச் சரிசெய்தால் உதடு முன்னால் போகிறது, குரல் பின்னால் வருகிறது. அவள் பேசி முடித்து வாயை மூடின பிறகு "அப்பா"ங்கறா. அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிஸ்க்கெல்லாம் வீணாகி இப்போது எங்கள் மாடியில் காக்கா விரட்டத் தொங்குகிறது; காக்கா வந்து அதில் முகம் பார்த்துவிட்டுப் போகிறது.

கடைசியில் ஒரு டிஸ்க் தேறிவிட்டது. அதுதான் உறைக்குள் இருப்பது. படித்து முடித்ததும் பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள். ரிமோட்டுக்குப் புது பேட்டரி பெரியம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அக்கா என்ன பேசினாள் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் ஒரு மாற்றம்தான், நான் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள். அவள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை மட்டும் நம்புங்கள். என்னை நம்ப வேண்டாம், அவளை நம்புங்கள். குறட்டைக் காட்சியை எல்லா இடத்திலும் அழித்துவிட்டேன். அது நல்ல குறட்டைதான், ஆனாலும் அழித்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. பிளேயருக்கு என் கண்டனம். கண்ணாடிக்காரரின் செருப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். திட்டுவதற்காவது என்னைக் கூப்பிடுவீர்கள் என்று காத்திருக்கும்,

உங்கள்
வால்

பின்குறிப்பு: மேலே சொன்னபடி எதுவும் செய்ய வேண்டாம். உறைக்குள் இருப்பது காலி டிஸ்க். குரலையும் உதட்டையும் என்னால் கடைசிவரை சேர்க்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "விடுடி, நான் நேர்லயே வர்றேன். ரெண்டும் சேர்ந்தே வரும்"னு சொன்னா. உங்களை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பிடித்து வைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். எழுதியதில் மற்றதெல்லாம் உண்மை. அந்தப் படத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தன் பழைய வீட்டுச் சாவியைத் தூக்கிக் காட்டி, "இது இன்னும் நம்ம பூட்டுக்குச் சேருமாப்பா?" என்றாள். யார் வீட்டில் ஒரு சாவி வெளியே போனாலும் "முதல்ல பூட்டை மாத்துங்க"ன்னு சொல்கிற நீங்கள், உங்கள் வீட்டுப் பூட்டை மட்டும் இந்த இரண்டு வருஷமும் மாற்றவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் பெரியம்மா இருமுவார். அது வெளியே படிக்கட்டில் நிற்கிறவளுக்கு. தயவுசெய்து எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடாதீர்கள். அவளே திறக்கட்டும்.