காலப்பொருத்தமான ஹாரன்

உப்பளம் ராஜவேலிடம் ஒரு கார் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் பிரான்சில் பிறந்து, கப்பலேறிப் புதுச்சேரி வந்து, ஒரு துரையைச் சுமந்து, துரை போனபின் யாரோ ஒருவரின் கொட்டகையில் கோழிகளைச் சுமந்துகொண்டிருந்த கார். பஞ்சாலைத் தொழிலாளியின் மகனான ராஜவேல், எலெக்ட்ரிக் கடையில் சம்பாதித்ததை எல்லாம் அதற்குள் கொட்டி ஒருவழியாக ஓட வைத்தார்.

"என் கழுத்துல ஒரு செயின் இருந்துச்சு. இப்ப அது எந்த கியர்ல கீதுன்னு தெரியல" என்பாள் அவர் மனைவி சந்திரகலா.

அரசாங்கம் பழைய கார்களை மதிக்கத் தொடங்கியிருந்த நேரம். பாரம்பரியச் சான்று பெற்ற கார் கடற்கரைச் சாலையில் பவனி வரலாம். பெறாதது பழைய இரும்பு எனக் கருதப்படும். ராஜவேல் சான்று கேட்டார். பாரம்பரியத் துறை உதவி இயக்குநர் வெற்றிச்செல்வன் நேரில் வந்து, எஞ்சினைத் திறக்காமல், பிரேக்கை மிதிக்காமல், ஹாரனை மட்டும் அழுத்தினார். அது 'ப்ரேங்' என்றது.

"இன்னாங்க, கரண்ட் ஹாரனா கீது?"

"கம்பெனியிலேர்ந்து வந்ததே இதான் சார். ஒரிஜினல்."

"ஒரிஜினலா இருக்கலாம். பழசு மாதிரி கேக்கலியே."

"பழசுதான் சார்."

"பழசா இருக்கறது உங்க சொந்த விஷயம். பழசாத் தெரியறதுதான் துறையோட விஷயம்."

எனவே, மேற்படி ஊர்திக்குக் காலப்பொருத்தமான ஒலிப்பானைத் தெரிவு செய்யும் பொருட்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' கோவிந்தசாமி அதன் நிபுணர். பாரீசைத் தம் காதாலேயே கேட்டவர் என்பது அவருடைய தகுதி. குழு கூடி ஆழமாகச் சிந்தித்தது. காரைப் பார்க்கப்போகிறவர்கள் நாற்பத்தொன்பதில் பிறக்காதவர்கள். அவர்களுக்குப் பழைய காலம் தெரிந்ததெல்லாம் சினிமாவில்தான். சினிமாவில் பழைய கார் 'பாம், பாம்' என்று கத்தும். ஆகவே நாற்பத்தொன்பதின் உண்மையான ஒலி அதுவே என்று முடிவாயிற்று. அந்த ஒலிக்கு எங்கே போவது என்பதில்தான் குழு திணறியது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே "பாம்! பாம்!" என்று கேட்டது.

கோவிந்தசாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வொலா! இதோ, பாரீசுல நான் கேட்ட அதே சத்தம்!"

வீராம்பட்டினம் சின்னக்கண்ணு மொபெட்டில் மீன் விற்றுக்கொண்டு போனான். கைப்பிடியில் ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன். குழு கீழே இறங்கி அதைக் கழற்றியது.

"சார், இத்த எடுத்துட்டா நான் எப்படி மீன் விக்கறது?"

"வேற வாங்கிக்கப்பா. இது வரலாற்றுக்குப் போவுது" என்று காசைக் கொடுத்தார் வெற்றிச்செல்வன்.

ராஜவேல் நல்லாயிருந்த பழைய ஹாரனைத் தன் கையாலேயே பிடுங்கினார். ஆடாத பல்லைப் பிடுங்கினாற்போல் வலித்தது. ஆனால் சான்று வந்தது, வலி போயிற்று.

பவனி நாளன்று, காரில் மாலையோடு சிறப்பு விருந்தினர், பக்கத்தில் வெற்றிச்செல்வன். கடற்கரைக்குப் போகிற வழியில், உப்பளத்துத் தெருவில் ராஜவேல் பந்தைப் பிழிந்தார். "பாம்! பாம்!"

ஒரு கதவு திறந்தது. செல்வாம்பாள் அலுமினியச் சட்டியோடு ஓடி வந்தாள். "வஞ்சிரம் வந்துகீதா?"

மறுபடி பிழிந்தார், விலகுவார்கள் என்று. இன்னும் பத்துக் கதவு திறந்தது. "சங்கரா இருந்தா எனக்குப் போடு!" "நேத்து குடுத்த நெத்திலி நாறிப்போச்சு, இன்னா பதில் சொல்ற?" பூனைகள் மதிலிலிருந்து குதித்துப் பின்னாலேயே வந்தன. யாரோ ஒரு சட்டியைச் சிறப்பு விருந்தினர் மடியிலேயே வைத்துவிட்டார்கள். கார் நகரவில்லை.

"கும்பிடுங்க சார், கும்பிடுங்க. மக்கள் எழுச்சி" என்றார் வெற்றிச்செல்வன். விருந்தினர் சட்டியோடு கும்பிட்டார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது: 'பாரம்பரியத்தை வரவேற்கப் பாத்திரம் ஏந்தி வந்த தாய்மார்கள்.' தாய்மார்கள் அதை வெட்டி வீட்டில் ஒட்டிக்கொண்டார்கள். மீன் பேச்சை ஒருத்தியும் எடுக்கவில்லை. ராஜவேலைக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்தார்கள். அவர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தத் தொடங்கினார்.

ஹாரன் நாகரிகமாகிவிட்டது. புல்லட் பையன்கள் மாட்டினார்கள். காபிக் கடைக்காரர்கள் வாசலில் தொங்கவிட்டார்கள். தூய்மை கெடுவதாகக் குழு கவலைப்பட்டு, பாரம்பரிய ஊர்தி அல்லாத எதுவும் அந்த ஒலியை எழுப்பலாகாது என்று ஆணையிட்டது.

முதலில் பிடிபட்டவன் சின்னக்கண்ணு. புதிதாக வாங்கிய ஹாரனையும் கழற்றிக்கொண்டார்கள். அவன் நேரே ராஜவேல் வீட்டுக்கு வந்தான். தெருவே கூடி நின்றது.

"அண்ணே, நீங்க குழுவுல கீறீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. சத்தம் இல்லாம மீன் விக்க முடியல."

ராஜவேல் மொபெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்த வருஷத்து மாடல்?"

"ரெண்டாயிரத்துப் பதினெட்டுண்ணே."

"அந்தக் காலத்துக்குப் பொருத்தமா ஒரு ஹாரன் மாட்டிக்கிட்டு வாப்பா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நியாயம்தானே என்றது தெரு. சின்னக்கண்ணு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனான். கூடையில் மீன் அப்படியே இருந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் ரசம்.