எதிர்க்கடைக்குப் போகும் ரகசியம்

ரகசியம் வீட்டுக்குள்ளிருந்துதான் போகிறது என்று சலவைக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். பின்னே? வீட்டுக்கே போய் அழுக்குத்துணி எடுத்து வரலாம் என்று நேற்றுதான் தீர்மானித்தார். இன்று எதிர்க்கடையில் அதே வாசகத்தோடு பலகை தொங்குகிறது.

இருந்த வேலையை உதறிவிட்டு ஆரம்பித்த தொழில். இது படுத்தால் அவரும் படுக்க வேண்டியதுதான். அதனால் கைப்பேசியில் ஓர் ஆலோசனை ஆப்பை வைத்துக்கொண்டு, எதிர்க்கடையை எப்படி முந்துவது என்று தினமும் கேட்பார். அதுவும் சளைக்காமல் சொல்லும். ஆனால் இவர் செய்வதற்குள் எதிர்க்கடைக்காரன் செய்து முடித்திருப்பான்.

விஷயம் தெரிந்தவர்கள் மனைவியும், கடையில் கூட நிற்கும் அவள் தம்பியும்தான். மனைவியைச் சந்தேகப்பட்டால் சோறு கிடைக்காது. ஆக, மச்சான்தான்.

முதலில் வீட்டில் வாயைத் திறப்பதை நிறுத்தினார். பலகைகள் நிற்கவில்லை. பயல் போனை நோட்டம் விடுகிறான் என்று பாஸ்வேர்டை மாற்றி, குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஆப்பிடம் கேட்டார். கறை நீக்கக் கட்டணமில்லை என்று அறிவிக்கச் சொன்னது. மறுநாள் எதிர்க்கடையிலும் கட்டணமில்லை.

பொறி வைத்தார். இனி ஞாயிறு விடுமுறை என்று மச்சானிடம் மட்டும் பொய் சொன்னார். எதிர்க்கடை ஞாயிறன்று வழக்கம்போலத் திறந்திருந்தது. வேறு யாராவது என்றால் மனம் மாறியிருப்பார்கள். இவரோ, பொறியை மோப்பம் பிடித்துவிட்டான், கில்லாடி என்று பல்லைக் கடித்தார்.

கடைசியில் ஆப்பையே கேட்டார். சந்தேகப்படும் ஆளை உடனே விலக்கச் சொன்னது.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

"மாமா, சத்தியமா நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை."

கண் கலங்கிப் போனான் அவன். அன்றிரவே மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஆனாலும் தொழில் முக்கியமாயிற்றே.

காலையில் கடை திறந்தவர் எதிரே பார்த்துத் திகைத்தார். எதிர்க்கடைக் கல்லாவில் மச்சான் உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களாம்மா? அவன் அவங்க ஆளுன்னு நான் அப்பவே நினைச்சேன்" என்று, இரண்டு கடைக்கும் இஸ்திரி போடும் அம்மாவிடம் குமுறினார்.

அந்த அம்மா பெட்டியைக் கீழே வைக்கவேயில்லை.

"நீங்க வேற சார். காலையிலதான் சேர்ந்தாராம். நீங்க துரத்தின ஆளைக் கையோட கூட்டிட்டு வந்து வேலைக்கு வெச்சுக்கோன்னு அந்த ஓனருக்கு யோசனை சொன்னதே, உங்க போன்ல இருக்கிற இதே ஆப்தானாம்."