ஈரப் போர்வைக்குள் நாற்பது விநாடி

எனக்கு மூத்தவளாகவும் முதல் காவலாகவும் வாய்த்த அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தான் கண்ணுக்குச் சொட்டு மருந்து மறக்காமல் விட்டுக்கொள்கிறாரா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்து ஜன்னலை மூடிவிட்டு வந்திருக்கிறேன். மூடினால் மூச்சு முட்டுகிறது. திறந்தால் எதிர்வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார், பிறகு வானத்தைப் பார்க்கிறார், மறுபடியும் என் முகத்தைப் பார்க்கிறார். தொலைபேசியில் சொல்லலாம் என்றால், இந்த இரண்டு அறை வீட்டில் நான் தும்மினாலே உன் தம்பி மனைவிக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் குடியிருப்புக்கு மேலே வானத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது. செய்தித்தாளில் நீயும் படித்திருப்பாய். எங்கள் தெருவில் மட்டும் இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள். வெள்ளித் தட்டு மாதிரி இருந்ததாம். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே அசையாமல் நின்றுவிட்டு, பிறகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் மறைந்ததாம். மொத்தம் நாற்பது விநாடி. 'இருந்ததாம்', 'மறைந்ததாம்' என்று நான் எழுதுவதைக் கவனித்தாயா அக்கா? வினையே அங்கேதான். அந்த நேரத்தில் நானும் மொட்டை மாடியில்தான் இருந்தேன். துவைத்த கட்டில் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு வரச் சொல்லி உன் தம்பி மனைவி அனுப்பியிருந்தாள். அவளும் பின்னாலேயே தலையணை உறைகளோடு வந்தாள். காற்று ஒரு தூக்குத் தூக்கியது. போர்வை தலையோடு என்னைச் சுருட்டிக்கொண்டது. ஒரு நுனி கம்பியில் மாட்டிக்கொண்டது, இன்னொரு நுனியை நானே மிதித்துக்கொண்டிருந்தேன். வெளியே "அதோ பாரு, அதோ பாரு" என்று ஒரே கூச்சல். நான் தட்டுத் தடுமாறித் தலையை வெளியே எடுத்தபோது வானம் துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. போர்வையை உதறிக் கொடியில் போட்ட பிறகுதான் அத்தனை பேரும் வானத்தை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னை என்று கேட்பாய். முப்பத்தோரு வருடம் வானிலை நிலையத்தில் குப்பை கொட்டியவன் அல்லவா நான். தினமும் வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம் என்று பதிவேட்டில் எழுதியவன். காலையும் மாலையும் பலூனில் வாயுவை நிரப்பிப் பறக்கவிட்டவன். இங்கே குடையை எடுப்பதா வேண்டாமா என்பதற்குக்கூட என் கதவைத்தான் தட்டுவார்கள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சார், நீங்க சொல்லுங்க, என்ன அது?" என்றார். போர்வைக்குள் இருந்தேன் என்று அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் கதை அந்த மாடியிலேயே முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு முகங்களும் எழுத்துக்காகக் காத்திருக்கும் பதிவேடு மாதிரி என்னைப் பார்த்தபோது என் வாய் தானாகவே, "அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. யோசிச்சுச் சொல்றேன்" என்றது. பணியில் இருந்தபோது மழை வருமா என்று யார் கேட்டாலும் சொன்ன பதில் அது. பழக்கம் விடவில்லை.

மறுநாள் காலையே தரைத்தளத்துத் தையல்காரர் வந்துவிட்டார். வேற்று உலகத்து வாகனம் என்று அடித்துச் சொல்கிறவர் அவர். "முப்பத்தஞ்சு அடி அகலம் சார். இந்தக் கண்ணு டேப் இல்லாமயே இடுப்பளவு சொல்லும். காத்து இந்தப் பக்கம் அடிக்குது, அது அந்தப் பக்கமா போகுது. காத்துக்கு எதிரா பலூன் போகுமா?" என்றார். போகாது என்றேன். அது உண்மைதானே. அதை ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் இரண்டாம் மாடி இயற்பியல் வாத்தியார் வந்தார். "சார், நாம படிச்சவங்க. சாயங்கால வெயில் பட்டா உயரத்துல இருக்கிற பலூன் வெள்ளித் தட்டு மாதிரி தெரியுமா, தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். அதுவும் உண்மைதான். அவரும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இரண்டிலும் ஒரு சொல் பொய் கிடையாது அக்கா, ஆனால் இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் குடியிருப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. வாத்தியார் தைக்கக் கொடுத்திருந்த பேண்ட்டில் ஒரு காலை மட்டும் சரியான உயரத்துக்கு மடித்துத் தைத்துவிட்டு, "பலூன் கட்சிக்கு இதுவே போதும்" என்று தையல்காரர் நிறுத்திவிட்டார். படிக்கட்டில் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் எந்தக் கட்சி என்று கணக்கெடுக்கிறார்கள்.

நேற்று வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். செயலாளர் இரண்டு காகிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். இரண்டின் அடியிலும் என் கையெழுத்து. இனி மறைத்துப் பயனில்லை என்று எழுந்து, "நான் எதையும் பாக்கல. போர்வைக்குள்ள மாட்டிக்கிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க" என்றேன். சிரிப்பார்கள், திட்டுவார்கள், அத்தோடு நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்காரர் மெல்ல என் பக்கத்தில் வந்து, "புரியுது சார். பென்ஷன் வாங்குறவரு. மேல இருந்து பேசிட்டாங்க, இல்ல?" என்றார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்ட ஆட்ட, அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அதைவிடக் கொடுமை வாத்தியார். அவ்வளவு நேரம் பலூன் பலூன் என்றவர் எழுந்து நின்று, "வெறும் பலூனா இருந்தா இவரு ஏன் மறைக்கணும்? இவ்வளவு படிச்சவரு போர்வை, கொடின்னு கதை கட்டுறாருன்னா, விஷயம் பெரிசு. நான் என் கருத்தை மாத்திக்கிறேன்" என்றார். அது வேற்று உலகத்து வாகனம்தான் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பேண்ட்டின் இன்னொரு காலும் நேற்றைக்கே தைக்கப்பட்டுவிட்டது. இரண்டு கட்சியும் ஒன்றாகி, நான் ஒருவன் மட்டும் தனியாக நிற்கிறேன்.

ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். வீட்டுக்கு வந்தால் உன் தம்பி மனைவி, "முப்பத்தி நாலு வருஷம் கூட இருந்திருக்கேன். எங்கிட்டயுமா மறைக்கணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு நீயே பக்கத்தில் இருந்தாயே என்றால், "நான் வானத்தைப் பாத்துட்டிருந்தேன், உங்கள யாரு பாத்தா?" என்கிறாள். அதே போர்வையை எடுத்து எப்படிச் சுற்றிக்கொண்டது என்று நடித்துக் காட்டினேன். "வேஷம் போதும்" என்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. தட்டை வைக்கும் சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன். உன் கைக்கடிகாரத்தை உடைத்துவிட்டு, நீ கேட்பதற்கு முன்பே அழுதவன் நான். எனக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது என்று உன் கையால் இரண்டு வரி எழுதி அவளுக்கு அனுப்பு. உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். என் குடும்ப நிம்மதி உன் பேனாவில் இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேத்திக்கு என் ஆசி. நன்றாகப் படிக்கட்டும், மாடிக்கு மட்டும் போகவேண்டாம். உங்கள் எல்லோருக்கும் உடம்பும் மனசும் குறையில்லாமல் இருக்கட்டும்.

பாசமுள்ள,
தம்பி

பின்குறிப்பு: அக்கா, உறையை ஒட்டப் போனபோது அவளே தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு இருந்தா சொல்லாதீங்க. உள்ள ஒண்ணுமே இல்லாத மனுஷன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, கல்யாணமான புதிதில்கூடப் பார்க்காத மாதிரி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தேநீரைக் குடித்துவிட்டு மூடிக்கொண்டேன். ஆகையால் நான் கேட்ட அந்த இரண்டு வரியை எழுதாதே. அவள் உன்னிடம் பேசினால், சின்ன வயதிலிருந்தே அவன் கல்லுளிமங்கன், அடித்துக் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டான் என்று சொல்லிவிடு. கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. பொய் சொல்லச் சொல்கிறானே என்று வருத்தப்படாதே. இன்றிலிருந்து நான் அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.