சரவெடிக்குள் போன தண்டவாளம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்காரர் சீனிவாசகம். அடுக்களை வாசலில், முறத்தில் உளுந்தைப் பரப்பிக்கொண்டு அவர் மனைவி பொன்மணி. கட்டிலின் ஓரத்தில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடிவிடத் தயாரானவர் போல, அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் தங்கச்சாமி. நடுவில் மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு, நாலு மூலையிலும் நாலு டம்ளர் பாரத்தோடு, சென்னை மெட்ரோ ரயிலின் தண்டவாளப் படம் கிடந்தது. அதையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

“திருப்பிச் சொல்லு தங்கச்சாமி. முதல்லேருந்து சொல்லு.”

“எத்தன வாட்டி அண்ணாச்சி சொல்றது? டீக்கடையில ஒரு ஆளு. முடிய ஒட்ட வெட்டியிருக்காரு. மீசை இம்புட்டு. காலுல ஷூ. சீனிவாசகம் எப்பிடிப்பட்ட ஆளு, வீட்டுக்கு யார் யாரு வந்து போறாக, கேஸ் கீஸ் ஏதும் உண்டான்னு ஒண்ணொண்ணாக் கேட்டாரு. கடைசியா, ‘மெட்ரோ தண்டவாளத்தப் படமாப் போட்டு வச்சிருக்காராமே, நெசந்தானா’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னேன். டீக்கடைக்காரருதான் ‘ஆமா, கட்டில் அகலத்துக்கு இருக்கும்’னு கையை விரிச்சுக் காமிச்சிட்டாரு.”

சீனிவாசகம் கட்டிலைப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

“அதோட விடல அண்ணாச்சி. போஸ்ட் ஆபீஸ்ல போயி, கவுண்டர்ல இருக்கிற ஐஸ்வர்யாகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாராம்.”

“போஸ்ட் ஆபீஸ்ல போலீசுக்கு என்ன வேலை?” என்றாள் பொன்மணி.

“நமக்கு வர்ற லெட்டரெல்லாம் பாக்கத்தான் மதினி.”

“அந்தப் பிள்ளைகிட்டப் போயிக் கேட்டுட்டு வாங்களேன், என்ன விசாரிச்சாருன்னு.”

“கேட்டா நாம பயந்துட்டோம்னு ஆயிரும்,” என்றார் சீனிவாசகம், பயந்துபோய்.

சீனிவாசகத்துக்குக் காலண்டர் அச்சகத்தில் டிசைனர் வேலை. தேதிக்குக் கட்டம் போட்டுப் போட்டுத் தேய்ந்த கை. மகள் ஆர்த்தியைச் சென்னையில் வேலைக்குச் சேர்த்துவிடப் போனபோதுதான் முதல்முறையாக மெட்ரோவில் ஏறினார். பெட்டிச் சுவரில் இருந்த படத்தில் வண்ணக் கோடுகள், அவற்றின் மேல் புள்ளி புள்ளியாக நிலையங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஒரு தடம் பிரிந்து இன்னொன்றோடு போய்ச் சேர்கிறது. வேறொன்று விலகிப்போய்ச் சுவரடியில் நின்றுவிடுகிறது. படத்தில் இவை எதுவும் இல்லை. தேதி விட்டுப்போன காலண்டரைப் பார்த்தது போலிருந்தது அவருக்கு.

அன்று பிடித்த கிறுக்கு. எந்தத் தடம் எங்கே பிரிகிறது, வண்டி எங்கே தடம் மாறித் திரும்புகிறது, பணிமனைக்குள் எப்படி விசிறி போல விரிகிறது என்று வரைய ஆரம்பித்தார். மேலே ஓடும் பகுதிக்குச் செயற்கைக்கோள் படமும், பயணிகள் எடுத்துப் போட்ட வீடியோவும் போதும். சுரங்கத்துக்குள்தான் கண் போகவில்லை. அதை ஆர்த்தியிடம் கேட்பார். “விசாரிச்சுச் சொல்றேம்பா” என்பாள். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிடும். பொங்கலுக்கு வந்தபோது, கட்டம் போட்ட தாளில் யாரோ பேனாவால் வரைந்த படம் ஒன்றையே கொண்டுவந்து கொடுத்தாள்.

“மெட்ரோ ஆபீஸ்ல தெரிஞ்சவங்க போட்டுக் குடுத்ததுப்பா.”

“கோடு எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு,” என்று பொன்மணியிடம் காட்டினார் சீனிவாசகம். “நல்ல வளர்ப்பு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். சீசன் முடிந்து அச்சகம் சும்மா கிடந்த ஒருநாள், படத்தைப் பெரிய மெஷினில் ஒரு பிரதி ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். மெஷினிடம் ஒரு பிரதி என்ற பேச்சே எடுபடாது. நிறம் சரியாக விழுவதற்குள் ஒரு கட்டுத் தாள் ஓடி முடிந்திருந்தது. அந்தக் கட்டு இப்போது கட்டிலுக்கடியில் இருந்தது. அதன் மேல்தான் தங்கச்சாமி உட்கார்ந்திருந்தார். சொன்னவுடன் எழுந்து நின்றார்.

“ஒரு ஊரு ரயில் எங்கன திரும்புது, எங்கன நிக்குதுன்னு அம்புட்டையும் படம் போட்டு வச்சிருக்கான், ஆளு இருக்கிறது சிவகாசி. போலீஸ்காரன் ரெண்டையும் சேத்துப் பாத்தா என்ன நினைப்பான்?” என்றார் சீனிவாசகம்.

பொன்மணியின் கை முறத்தில் நின்றுவிட்டது.

“ஆர்த்திக்கு வரன் பாக்கிற நேரம். நாளைக்கு உங்களை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனா, எவன் நம்ம வீட்டுப் படியேறுவான்? முதல்ல இதைக் கொளுத்துங்க.”

மேசை மேலிருந்த படத்தைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார் சீனிவாசகம். தாள் நல்ல தாள், எரியாமல் புகைந்தது. சிவகாசியில் புகை தெரிந்தால் யாரும் சமையலா என்று கேட்பதில்லை. தெருவே எழுந்து வந்தது. தெருக்கோடி வீட்டுக்காரர் மணல் வாளியோடு படியேறினார். பின்னால் நாலைந்து பேர், ஈரச் சாக்கோடும் குடத்தோடும்.

“எங்கன? எந்தப் பக்கம்?”

“ஒண்ணுமில்ல, சும்மா குப்பை...”

அதற்குள் மணல் விழுந்துவிட்டது. தீ அணைந்தது. கோடி வீட்டுக்காரர் தாளை உதறி, விரித்து, வெயிலில் தூக்கிப் பிடித்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“என்ன அண்ணாச்சி இது, ரயில் ரோடு மாதிரி இருக்கு? எம்புட்டு அழகா இருக்கு. இதைப் போயாக் கொளுத்துதீக?”

ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். இருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியாதவர்கள் நாலு பேர்தான் இருப்பார்கள்.

“கொளுத்துறதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது,” என்றார் தங்கச்சாமி. “கட்டிலுக்கடியில கிடக்கிறத எங்கிட்ட விடுங்க. நாளைக்கு வேஸ்ட் பேப்பர் வண்டி வரும். அதோட தள்ளிவிட்டுட்டா போன இடம் தெரியாது.”

போன இடம் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது. பொன்மணியின் சித்தி மகள் மூக்கம்மாள் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேரே வந்தவள், முந்தானையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு காகிதக் குழாயை எடுத்து நீட்டினாள்.

“இந்தா மச்சான், உங்க படம். மருந்து அடைக்காததுதான், பயப்படாதீக. இன்னைக்கு வந்த வேஸ்ட்டுல பூரா இதான். சரவெடிக்குச் சுருட்டினோம். பிள்ளைக ஸ்டேஷன் பேரை வாசிச்சு வாசிச்சுல்ல சுருட்டுதுக.”

சீனிவாசகம் குழாயை வாங்கித் திருப்பினார். ‘பணிமனைக்குச் செல்லும் தடம்’ என்று அவர் கோத்த எழுத்து வளைந்து ஓடியது. அவருக்குக் கண்முன் தீபாவளி வந்தது. சென்னையில் ஏதோ ஒரு மெட்ரோ வாசலில் ஒரு பிள்ளை சரத்தைக் கொளுத்துகிறது. சிதறிய தாளைப் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து எடுக்கிறார். வெடிமருந்தைச் சுற்றியிருப்பது அதே நிலையத்தின் தண்டவாளம்.

“மூக்கம்மா, அந்தச் சரம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. அம்புட்டையும் நான் வாங்கிக்கிறேன்.”

“அம்புட்டையுமா? வீட்டுல என்ன விசேஷம்?”

“விசேஷம் வராம இருக்கத்தான்.”

வியாழக்கிழமை காலையில் லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பெட்டிகள் கூடத்தில், படம் விரித்திருந்த மேசையைச் சுற்றிச் சுவர் போல ஏறின. பொன்மணி அடுப்பைப் பற்ற வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சாமி விளக்குக்கும் விடுமுறை. கடையில் வாங்கிய இட்லியைப் பிரித்து வைத்துக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தபடி இருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, படம் மட்டும் இருந்தப்ப நீங்க படம் போட்ட ஆளு. இப்ப படமும் இருக்கு, வெடியும் இருக்கு. இதுக்கு என்ன பேருங்க?”

சீனிவாசகம் பிய்த்த இட்லியைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். இதற்குச் சட்டத்தில் என்ன பேரோ, எத்தனை வருஷமோ.

ஜன்னல் கதவை லேசாகத் திறந்து பார்த்தார். தெருமுனையில் ஒட்ட வெட்டிய தலை, இம்புட்டு மீசை, ஷூ. அந்த ஆள் செல்போனைத் தூக்கி வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலை ஒன்று, மாடியை ஒன்று. எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

சீனிவாசகம் தரையில் உட்கார்ந்து, பெட்டிகளின் மறைவில் ஆர்த்திக்குப் போன் போட்டார்.

“ஆர்த்தி, மெட்ரோ விஷயமா இனிமே யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாத. இங்கன ஒரு ஆளு ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டு இருக்காரு.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அப்பா, நாளைக்கு நான் ஊருக்கு வாறேன். நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க எதுவும் செஞ்சிராதீங்கப்பா.”

போனை வைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. “அவளையும் விசாரிச்சிட்டாங்க பொன்மணி,” என்றார். “குரலே சரியில்ல.”

மகள் பெயர் இதில் வருவதற்கு முன் தானே முந்திக்கொள்ள வேண்டும். தானாக ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனை குறைவு என்று எங்கோ படித்திருந்தார். அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பேனாவையும் கோடு போட்ட தாளையும் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் ஓரம் விட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறையாக எழுதினார். பெறுநர், மெட்ரோ ரயில் தலைமை அலுவலகத்தின் உயர் அதிகாரி. பொருள், குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

‘ஐயா, தங்கள் ரயிலின் தண்டவாள அமைப்பை நான் வரைந்தது உண்மை. அது பட்டாசில் சுருட்டப்பட்டதும் உண்மை. இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்பதும் உண்மை’ என்று எழுதி, பொன்மணிக்குப் படித்துக் காட்டினார்.

“எல்லாத் தப்பையும் நீங்களே தலையில போட்டுக்கிடுதீகளே,” என்றாள் பொன்மணி. “சுரங்கத்துக்குள்ள இருக்கிறதச் சொன்னது யாரோ ஒருத்தன்ல? அவன் சொல்லாட்டி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நியாயமாகப் பட்டது. சீனிவாசகம் அடுத்த பத்தியைத் தொடங்கினார். பயம் அவருக்கு நல்ல நடையைக் கொடுத்தது.

‘சுரங்கப் பகுதி விவரங்கள் நான் கண்ணால் கண்டவை அல்ல. தங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த பொறுப்பற்ற நபர் ஒருவர் அவற்றை வெளியே சொல்லிவருகிறார். நான் அம்பு, அவரே வில். அவர் தன் கைப்பட வரைந்த தாளை இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்தை வைத்து அவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். உடனே வேலையிலிருந்து நீக்கிக் கடும் நடவடிக்கை எடுக்கும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

கட்டம் போட்ட அந்தத் தாளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். கோடு சுத்தமாகத்தான் இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மடித்து உறைக்குள் வைத்தார். பசை தடவி ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலும் ஒருமுறை தடவினார்.

கொல்லை வழியாக இறங்கி, சந்து சந்தாகப் புகுந்து போஸ்ட் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தபால் வேன் புறப்படத் தயாராக நின்றது.

“ரிஜிஸ்டர் தபால்மா. சீக்கிரம். இன்னைக்கே போகணும்.”

கவுண்டரில் இருந்த ஐஸ்வர்யா உறையை எடைபோட்டாள், விலாசத்தைப் படித்தாள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். உறை பையில் விழுந்தது. பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்தார்கள். வேன் பையை வாங்கிக்கொண்டு கிளம்பி, மதுரை ரோட்டில் திரும்பி மறைந்தது. சீனிவாசகம் ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

ஐஸ்வர்யா கவுண்டருக்கு மேல் எட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“மெட்ரோ ஆபீசுக்கே லெட்டர் போடுதீகன்னா உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் வாயைத் திறக்கலாம் அண்ணாச்சி: அன்னைக்கு விசாரிக்க வந்தவரோட மகன் அங்கனதான் தண்டவாள இன்ஜினியராம், உங்க படத்துக்குச் சுரங்கத்து விவரமெல்லாம் கைப்பட வரைஞ்சு குடுத்ததே அவருதானாம், நாளைக்கு நம்ம ஆர்த்தியப் பொண்ணு கேட்டு வாறாக.”