உப்பு அளந்த கழட்டு சார்

மெட்ராஸில் இத்தனை பேர் பெல்ட்டைக் கழட்ட வைத்த மனுஷன் இன்னொருத்தர் கிடையாது. போலீஸில்கூடக் கிடையாது. அவர் பேர் வேண்டாம். நாங்கள் வைத்த பேர் கழட்டு சார்.

அடையாறில் மண் ஆபீஸ். நான் ஜீப் டிரைவர். கோவளம் தாண்டி, கடல் தண்ணி ஏறிக் கெட்ட வயலில் உப்பு அளப்பது சார் வேலை. வயலுக்கு அடியில் ஓட்டைக் குழாய் பதித்து உப்புத் தண்ணியை வடித்திருந்தார்கள். வடிந்ததா என்று பார்க்க ஒரு மெஷின். பலகை மாதிரி இருக்கும். தரையை ஒட்டித் தூக்கிக்கொண்டு நடந்தால் நம்பர் காட்டும். அதை வைத்து ஆபீஸில் மேப் போடுவார்கள். உப்பு இருந்தால் சிவப்பு. போயிருந்தால் பச்சை.

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உலோகம் ஆகாது. சாருக்கு அது போதும்.

"முருகேசா, பெல்ட்டைக் கழட்டு."

"பேண்ட் நிக்காது சார்."

"கையால பிடிச்சுக்கோ."

சணல் கயிறு கட்டிக்கொண்டேன். சார் ஜிப் ஆகாதென்று வேட்டிக்கே மாறிவிட்டார். பஞ்சாயத்து ஆள் ஒருத்தருக்குத் தங்கப்பல். வணக்கம் சொல்லிச் சிரித்தார். "சிரிக்காதீங்கோ, நம்பர் கெட்டுடும்" என்றார் சார். அவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

தி.நகர் நகைக்கடைத் தெருவில் ஜீப்பை விடக்கூடாது.

"மெஷின் ஆஃப்லதான கீது சார்?"

"இருந்தாலும் அதுக்கு ஒரு மாதிரி இருக்கும்பா."

"ஜீப்பே இரும்புதான சார்?"

"அது பழகிடுத்து."

ஒரு நாள் காலையில் அஞ்சலையக்கா வயல். அக்காவுக்கு இருப்பது அந்த ஒரு வயல்தான். உப்பேறினதிலிருந்து சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பச்சை வந்தால் ஆபீஸில் விதை நெல் கொடுப்பார்கள். சிவப்பு வந்தால் இந்த வருஷமும் செங்கல்தான்.

சார் நடந்தார். எல்லாம் சிவப்பு நம்பர்.

"இன்னா சாரு இது? வெள்ளையா பூத்துக் கெடந்த மண்ணு. இப்ப புல்லு மொளைக்குது. உப்புன்றியே."

"யார்கிட்டயோ இரும்பு இருக்கு" என்றார் சார். என்னைத் தடவிப் பார்த்தார். அக்கா மெட்டி, ஊக்கு எல்லாம் தூரத்தில் வரப்பில் வைத்த வாளிக்குப் போச்சு. எருமைச் சங்கிலியும் போச்சு. எருமையும் எங்கேயோ போச்சு. நம்பர் இறங்கவில்லை.

சார் தண்ணி குடிக்கப் போனார். மெஷினை நான் வாங்கினேன். நம்பர் விழுந்தது. சார் வாங்கினார், ஏறியது. நான் வாங்கினேன், விழுந்தது.

அக்கா சாரையே பார்த்தது. "சாரு, நீ கழட்டு."

சார் இடுப்பைத் தடவினார். "இடுப்புல வெள்ளி அரைஞாண். நேத்து வடபழனியில அம்மா கட்டினா. கல்யாணம் நிச்சயமாகற வரைக்கும் கழட்டமாட்டேன்னு சத்தியம்." சாருக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு.

"நான் நடக்கறேன் சார்" என்றேன்.

"டிரைவர் அளந்தான்னா மேப்பைத் தூக்கிப் போட்டுடுவா."

அக்கா வயலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சார் தாழம்புதர் பின்னால் போய்விட்டு வந்தார். அரைஞாண் வாளியில். அது இல்லாமல் வேட்டி நிற்கவில்லை. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் மெஷின். வயல் பூரா அப்படியே நடந்தார். ஊரே வரப்பில் நின்று பார்த்தது. ஒரு மூலை தவிர எல்லாம் பச்சை.

சாயந்தரம் மயிலாப்பூரில் இறக்கிவிட்டேன். மறைத்து மறுபடி கட்டியிருக்கலாம். வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"கழட்டிட்டேம்மா."

"ஏண்டா?"

"அஞ்சலைன்னு ஒருத்திக்காக."

அம்மா முகம் மலர்ந்தது. "யார்டா அது? எந்த ஊர்?"

"அவளுக்குப் பேரன் இருக்கான்மா."

கதவு சாத்தின சத்தம் குளக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா நெல் போட்டு அறுத்தும் ஆச்சு. சாருக்கு இன்னும் நிச்சயம் ஆகவில்லை. உங்கள் பக்கம் பெண் இருந்தால் சொல்லுங்கள். பெண் பார்க்க வண்டி நான் ஓட்டுகிறேன்.