காரணம் என்ற கட்டம்

லைன் லீடர் அக்காவைப் போன்ற ஒரு கொடுங்கோலரை ஓசூர்த் தொழிற்பேட்டை இதுவரை கண்டதில்லை. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நாற்பது பெண்களை மேய்ப்பது போதாதென்று, லேடீஸ் ஹாஸ்டல் அறையிலும் ஓர் ஆளை மேய்த்தார். அந்த ஆள் நான். அவருடைய நிஜப் பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது.

நான் அப்போது எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். எனக்கு டிப்ரெஷன் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி, மாத்திரையும் கொடுத்திருந்தார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? யோகா பண்ணு என்றார் சித்தப்பா. போனைத் தூக்கி எறி என்றார் மாமா, அதையும் போனில்தான் சொன்னார். பல் விளக்குவதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்த எனக்கு, ரெக்கார்டு நோட்டில் பதினான்கு பரிசோதனைகள் எழுதாமல் கிடந்தன. துறைத்தலைவர் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. ஒரு வருஷம் வீண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளை போர்டை மாட்டினார். கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் தொங்குமே, அதே மாதிரி. பிளான், ஆக்சுவல், குறைந்தால் காரணம் என்று கட்டங்கள். முதல் வரி: பல் விளக்குதல், பிளான் 1. எனக்கு வந்ததே கோபம்!

“நான் என்ன மெஷினாக்கா?”

“மெஷினா இருந்தா இந்நேரம் மெயின்டெனன்ஸ் ஆளுங்க நாலு பேரு ஓடியாந்திருப்பாங்க. நீ வெறும் மனுசி. அதான் ஒருத்தரும் வரல.”

அதோடு விட்டாரா? கம்பெனியில் சாமான்களுக்கு இடம் குறிப்பதுபோல மாத்திரை, தண்ணீர் பாட்டில், ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டினார். கட்டிலைச் சுற்றியும் ஒட்டி, ‘பகலில் இங்கே ஆள் வைக்கக் கூடாது’ என்று சீட்டு வேறு.

காலை ஷிஃப்டுக்குப் போனாலும் விட மாட்டார். ஒன்பது மணி டீ பிரேக்கில் போன் அடிக்கும். “ஆயித்தா?” முடிந்ததா என்பதற்கு எங்கள் பக்கத்துக் கன்னடம். அக்கா எல்லையோரப் பேரிகை ஊர்க்காரர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அதட்டுவார்.

“அரைப் பக்கந்தாங்க்கா எழுதினேன்.”

“அப்ப அரைன்னு எழுது. சைபர்னு பொய் எழுதாத.”

ஒன்றுமே எழுதாத ஒரு நாள், காரணம் என்ற கட்டத்தில் ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதிவைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் துப்பட்டாவாலேயே அதை அழித்தார்.

“லைன்ல நாலே காரணந்தான் புள்ள. மெஷின் நின்னுச்சு, மெட்டீரியல் வரல, மெத்தட் தப்பு, ஆள் குறைவு. சோம்பேறிங்கறது காரணமில்ல, திட்டு. திட்டறதுக்கு இங்க கட்டம் கிடையாது.”

கெடு நாளன்று ஒன்பது பரிசோதனைகள் முடிந்திருந்தன. துறைத்தலைவர் நோட்டை மேஜைமேல் வீசினார். டாக்டர் சீட்டை நீட்டினேன். “இந்த வயசுல என்ன டிப்ரெஷன்? சோம்பேறிக்கெல்லாம் எதுக்கு எம்.எஸ்சி.?” காய்ச்சல்காரனிடம் யாராவது வயசு கேட்கிறார்களா? ஹாஸ்டலுக்கு வந்து அக்காவிடம் சொல்லி அழுதேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்த கையோடு, நீலக் கோட்டும் ஐடி கார்டுமாக, போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் காலேஜுக்கே வந்து இறங்கினார் அக்கா. தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. துறைத்தலைவர் மேஜையில் போர்டைச் சாய்த்துவைத்து, மேனேஜர்முன் நிற்பதுபோல விறைப்பாக நின்றார்.

“குட் ஆஃப்டர்நூன் சார். ரெக்கார்டு பிளான் பதினாலு, ஆக்சுவல் ஒம்போது, பேலன்ஸ் அஞ்சு. தெனம் ஒண்ணு வீதம் சனிக்கெழம முடிஞ்சிரும்.”

“யாரும்மா நீ?”

“லைன் லீடருங்க சார்.”

அறையிலிருந்த மற்ற ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அக்கா எதையும் அழிக்காமல் கொண்டுவந்திருக்கிறார். பல் விளக்குதல், வார மொத்தம், பிளான் 7, ஆக்சுவல் 4. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் முழுக்கப் படித்தது.

“சோம்பேறிக்கு வக்காலத்தா?” என்றார் துறைத்தலைவர்.

“காரணத்துல அப்பிடி எழுதினா எங்க மேனேஜரு என்னியத்தான் கேப்பாரு சார். காரணம் கண்டுபுடிக்கத் தெரியாத உனக்கு எதுக்கு லீடர் வேலைன்னு.”

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். துறைத்தலைவர் முகம் சிவந்து, “சனிக்கிழமை. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. முதல்ல இந்த போர்டை எடும்மா” என்றார். சனிக்கிழமை கையெழுத்து வாங்கினேன். தேர்வும் எழுதினேன். ஆனால் போர்டைத் தூக்கிக்கொண்டு வர ஓர் அக்கா இல்லாத பிள்ளைகள் என்ன ஆவார்கள்? அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. அவர் போன பிறகு, அதே லைனில் வேலை செய்த பெண் சொல்லித்தான் தெரியும்: டீ பிரேக் பத்தே நிமிஷமாம். போன் இருக்கும் லாக்கருக்குப் போய்த் திரும்பவே அது சரியாகிவிடுமாம். அத்தனை மாதமும் அக்கா காலை டீயே குடிக்கவில்லை.

போகும்போது போர்டை எனக்கே விட்டுப்போயிருந்தார். டீ விஷயம் தெரிந்த அன்று புராஜெக்ட் எழுதப் பிளான் மூன்று பக்கம். ஆக்சுவல் அரை. அரை என்றே எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், அக்கா சொல்லிக்கொடுத்த நாலில் நாலாவதை எழுதினேன்: ஆள் குறைவு.